நடுவில் அமுக்கிய டியூப்

பிப்ரவரி 6, செவ்வாய்

இனித் தள்ளிப்போட முடியாது என்று இன்று முதல் ட்ரிப்பிலேயே தெரிந்துவிட்டது. மேம்பாலம் ஏறும்போது கிளட்சை மிதித்தேன், அவ்வளவுதான், கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. கண்டக்டர் முன்னால் வந்து, "என்னண்ணே, அழறீங்களா?" என்றான். கண்ணில் தூசி என்றேன். பக்கத்துக் கண்ணாடியை இழுத்து மூடியிருந்தேன். தூசி எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்கவில்லை. நல்லவன்.

எத்தனையோ வருடமாக இதே சீட்டு. கீழே என்ஜின் சூடு. வழியில் ஒதுங்க இடம் கிடைக்காது என்று தண்ணீரே குடிக்காமல் காயப்போட்ட வயிறு. வராமல் என்ன செய்யும்?

பணிமனையில் மருத்துவ விடுப்புக்கு எழுதிக்கொடுத்தேன். காரணம், முதுகுத்தண்டு. டைம்கீப்பர் படித்துவிட்டு, "டிரைவர்னாலே முதுகுதான் போகும்" என்று உச்சுக்கொட்டினார். எனக்குப் போனது முதுகுக்குக் கொஞ்சம் கீழே. அந்தப் பெயரை இந்த டைரியில் எழுதக்கூடக் கை வரமாட்டேன் என்கிறது. யார் படிக்கப்போகிறார்கள்? ஆனாலும் வரவில்லை.

வெளியூரில் வேலை பார்க்கும் மகளிடமும் முதுகு என்றே சொல்லியாயிற்று. "எந்த எலும்புப்பா?" என்று போனில் குடைந்தாள். "கடைசி எலும்பு" என்றேன். பக்கத்தில் துணி வெட்டிக்கொண்டிருந்த என் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். திங்கட்கிழமை ஆபரேஷன். இவளுக்குச் சிரிப்பு.

பிப்ரவரி 14, புதன்

நேற்று வீட்டுக்கு வந்தோம். ஆபரேஷன் தூக்கத்தில் முடிந்துவிட்டது. அதற்கப்புறம்தான் கச்சேரி.

இன்று காலை முதல் தடவையாகப் போனேன். அதை எழுதப்போவதில்லை. ஐம்பத்துமூன்று வயதில் கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று கத்தினேன், அது போதும். முன்னறையில் தையல் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. "என்னங்க, தண்ணி தயாரா இருக்கு, மெதுவா வாங்க" என்று கதவுக்கு வெளியிலிருந்து குரல். நீலப் பிளாஸ்டிக் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர். உட்கார்ந்த பிறகுதான் உயிர் திரும்பி வந்தது. சூடு அளவாக இருந்தது. கொஞ்சம் கூடினாலும் எரிந்திருக்கும், குறைந்தாலும் பலனில்லை.

டாக்டர் இரண்டு ஆயின்ட்மென்ட் கொடுத்திருக்கிறார். வெள்ளை டியூப் மரத்துப்போக வைப்பது. மஞ்சள் டியூப் உள்ளே இறுகிக்கொண்ட சதையைத் தளர்த்துவது. மஞ்சளைப் பட்டாணி அளவுக்கு மேல் எடுக்கக்கூடாது, எடுத்தால் தலைவலி வரும் என்று டாக்டர் சொல்லிச் சொல்லி அனுப்பினார். எடுக்காவிட்டாலும் வருகிறது, அது வேறு விஷயம்.

தடவுவது யார் என்று ஒரு பஞ்சாயத்து. நானே தடவிக்கொள்கிறேன் என்று வீராப்பாகச் சொன்னேன். குனிய முடியவில்லை, திரும்ப முடியவில்லை. கடைசியில் அவள் கையுறையை மாட்டிக்கொண்டு, "திரும்பிப் படுங்க. இந்த வீட்டுல நான் பார்க்காத அழகா?" என்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வெட்கம் பட்டதில்லை.

ஆனால் வலிக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் தொட்டபோது துள்ளினேன். இவள் எங்கே தொட்டால் உயிர் போகும், எங்கே தொட்டால் போகாது என்று தெரிந்த மாதிரி தடவினாள். ஊசி பிடிக்கிற கை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 15, வியாழன்

நானே தடவிக்கொள்ளப் பழகிவிட்டேன். கொஞ்சம் மானம் மிச்சம்.

டியூபை அடியிலிருந்து சுருட்டிக்கொண்டே வருகிறேன். பற்பசையும் எனக்கு அப்படித்தான். அவளுக்கு எங்கே கை போகிறதோ அங்கே அமுக்கவேண்டும், அதுவும் சரியாக நடுவில். கல்யாணமான புதிதில் இதற்காக ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறோம். "பல்லு வெளுத்தாப் போதாதா, டியூபுக்கு என்ன அலங்காரம்?" என்பாள்.

பிப்ரவரி 17, சனி

மத்தியானம் வலி என்னைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டது. தூங்கினேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தாள். நடுவில் ஓட்டை வைத்த வட்டமான மெத்தை. அவள் தைத்துக் கொடுக்கும் பள்ளிக்கூடச் சீருடைத் துணியில் மிச்சமான ஊதா, உள்ளே பஞ்சும் வெட்டுத் துணியும். கடையில் காற்றடிக்கிற ரப்பர் வளையம் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் பார்த்தேன். உட்கார்ந்தால் நழுவும். இது நழுவவில்லை. ஓட்டை எங்கே இருக்கவேண்டுமோ அங்கே இருக்கிறது. முன்பக்கம் கொஞ்சம் சரிவாக வைத்திருக்கிறாள், தொடை அழுந்தாமல்.

"அளவே எடுக்கலையே, எப்படி?" என்றேன்.

"உங்க அளவு எனக்குத் தெரியாதா" என்று சொல்லிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய ஸ்டூலில் எப்போதும் இருக்கிற பூப்போட்ட மெத்தையை ஒரு தட்டுத் தட்டிப்போட்டு, ஒருபக்கமாகச் சாய்ந்து, மெதுவாக. இவளுக்கும் வயதாகிறது என்று நினைத்தேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தோம். புண் நன்றாக ஆறுகிறதாம். டாக்டர் சின்ன வயசு, வாட்டசாட்டமான ஆள், சத்தமாகப் பேசுகிறார். வெளியே வரிசையில் இருப்பவர்களுக்கெல்லாம் என் வரலாறு கேட்டிருக்கும்.

என் மனைவி இன்று என் மானத்தை வாங்கிவிட்டாள். வாயே திறக்காதவள், டாக்டரைப் பிடித்துக்கொண்டு கேள்விமேல் கேள்வி. "இவருக்கு ரத்தம் வந்துக்கிட்டே இருந்தா என்ன பண்றது டாக்டர்? போனாலும் இன்னும் போகணும் போலவே இருக்காம். சாப்பாடு பிடிக்கல. மரத்துப்போற மருந்தைத் தொடர்ந்து தடவினா தப்பில்லையே?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எனக்கு எங்கே சாப்பாடு பிடிக்கவில்லை? நேற்று மூன்றாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் நான்.

டாக்டர் என்னைப் பார்த்தார். என் முகம் செழிப்பாக இருந்திருக்கும். "ஆபரேஷன் ஆனவங்களுக்கு இதெல்லாம் சகஜம்மா. ரத்தம் கொஞ்ச நாள் வரும், பயப்படாதீங்க. தண்ணி, பழம், காய். மருந்து தடவட்டும்" என்றார்.

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஆட்டோவில் வரும்போது, "நான் சொல்லாததையெல்லாம் ஏன் சொன்னே?" என்று கடிந்தேன். "எல்லாத்தையும் கேட்டு வெச்சுக்கிட்டா நல்லதுதானே" என்றாள். வழியெல்லாம் வெளிப்பக்கமே திரும்பியிருந்தாள். புருஷன்மேல் இவ்வளவு அக்கறையா என்று எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

பிப்ரவரி 24, சனி

வெள்ளை டியூப் நடுவில் அமுங்கியிருக்கிறது.

நான் அடியிலிருந்து சுருட்டி நிறுத்தியிருந்தேன். இன்று எடுத்தால் இடுப்பு ஒடிந்த மாதிரி நிற்கிறது. "யார் இதைத் தொட்டது?" என்றேன். வீட்டில் இருப்பது இரண்டு பேர், இதில் என்ன விசாரணை. "அலமாரி துடைக்கும்போது கை பட்டிருக்கும்" என்றாள். "கை பட்டா இப்படியா அமுங்கும்? மருந்தையாவது விட்டுவையேன், அதுவும் பற்பசையா உனக்கு?" என்று கத்திவிட்டேன். வலி இருந்தது, கோபம் வந்தது. அவள் அடியிலிருந்து சுருட்டி, உருட்டி, நேராக்கி என் கையில் கொடுத்தாள்.

மார்ச் 1, வெள்ளி

மஞ்சள் டியூபை நிறுத்திவிட்டேன். இறுக்கம் விட்டுவிட்டது, தலைவலி வேண்டாம்.

அவளுக்குத்தான் தலைவலி. நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தைக்கிறாள். பள்ளிக்கூடச் சீருடை மலைபோலக் குவிந்திருக்கிறது. கண்ணாடியை மாற்று என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். வளையல் முழங்கைவரை ஏறுகிறது. எனக்கு ராப்பகலாகப் பண்டுவம் பார்த்த அலுப்பு.

மார்ச் 9, சனி

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நன்றாக நடக்கிறேன் என்பதால் காலையில் நானே தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன். வெள்ளை ஆயின்ட்மென்ட் கேட்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "அட, நீங்களே வந்துட்டீங்களா! ஆபரேஷன் பண்ணிட்டாங்களாமே, இனிமேலாவது தொல்லை விட்டுதா? பாவம், வீட்டம்மாதான் போன வருஷத்துலேர்ந்து உங்களுக்குன்னு வாங்கிட்டு வாங்கிட்டுப் போவாங்க" என்றார்.

போன வருஷம். போன வருஷம் எனக்கு ஒன்றும் இல்லையே.

"என்ன வாங்குவா?"

"இதுதான். இது இல்லேன்னா இதுமாதிரி வேற. வீட்டுக்காரருக்கு ரத்தம் போகுது, டாக்டர்கிட்ட வர மாட்டேங்கறாருன்னு வருத்தப்படுவாங்க."

எனக்கு நோய் வருவதற்கு முன்பே என் பெயரில் ஒரு நோய் இந்தக் கடைக்கு வந்து போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்தேன். அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அலமாரியில் மஞ்சள் டியூப். நான் நிறுத்திய மருந்து. எடுத்தேன். நடுவில் ஒட்டிப்போய், இரண்டு பக்கமும் உப்பி, ஏறக்குறைய காலி. தலைவலி! நெற்றியில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, நான் கண்ணாடியை மாற்றச் சொன்னேனே.

ஸ்டூலில் இருந்த பூப்போட்ட மெத்தையின் உறையை உருவினேன். உள்ளே ஒரு வட்ட மெத்தை. நடுவில் ஓட்டை. பழையது. பஞ்சு அமுங்கிப் பலகையாகியிருந்தது. முன்பக்கம் சரிவு. என்னுடையதுக்கு அளவு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது.

அவள் வெறும் வாளியோடு வாசலில் நின்றாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள். நான் கத்துவேன் என்று நினைத்திருப்பாள். எனக்குக் கத்த வரவில்லை.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

"உங்களுக்கு இருக்கிறதேதாங்க. பெரிசா ஒண்ணும் இல்ல."

"ரத்தம்?"

"வருது. அதான் டாக்டரே சொன்னாரே, வரும், பயப்படாதீங்கன்னு."

"அது என்கிட்ட சொன்னது! என்னைப் பார்த்துச் சொன்னது. எனக்கு ஆபரேஷன் ஆயிருக்கு, உனக்கு என்ன ஆயிருக்கு? உன்னை அவர் பார்த்தாரா?"

"அந்தப் பையன்கிட்ட நான் எப்படிங்க காட்டறது?" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. வாளியைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள். "உங்களுக்குக் கேக்கற மாதிரி எனக்கும் சேர்த்துக் கேட்டுக்கிட்டேன். ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதானேன்னு நினைச்சேன்."

மார்ச் 11, திங்கள்

வரமாட்டேன் என்கிறாள். சீருடை கொடுக்க வேண்டுமாம். கோடை முடியட்டுமாம். "நீங்களே ஊர் முழுக்க முதுகுன்னுதானே சொன்னீங்க" என்றாள்.

உண்மைதான்.

மார்ச் 16, சனி

பெண் டாக்டர் ஒருவர் இருக்கிறாராம். கண்டக்டரின் அக்காவுக்குப் பார்த்தவர். கண்டக்டரிடம் கேட்பதற்காக எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாயிற்று, என்னுடையதையும். சிரிப்பான் என்று நினைத்தேன். "அண்ணே, எங்க அக்கா பட்ட பாடு எனக்குத் தெரியும்ணே. நாளைக்கே கூட்டிட்டுப் போங்க" என்றான்.

மார்ச் 22, வெள்ளி

கடைசியில் அழைத்துப்போனேன். நான் பணிமனைக்கு உண்மையை எழுதிக்கொடுக்கிறேன், நீ டாக்டரிடம் வா என்று பேரம். எழுதிக்கொடுத்ததை அவளிடம் காட்டிய பிறகுதான் செருப்பை மாட்டினாள். டைம்கீப்பர் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார், "எனக்கும்தான்யா" என்றார் மெதுவாக. அதைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள்.

டாக்டரம்மாவுக்கு நரைத்த தலை, தணிந்த குரல். என்னை வெளியே இருக்கச் சொன்னார். கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பக் கூப்பிட்டபோது அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழுவினார். துடைத்தார். அப்புறமும் உட்காரவில்லை.

"இது மூலம் மாதிரி தெரியலை. உள்ளே ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுது. சதை எடுத்துப் பார்க்கணும், ஸ்கேன் எடுக்கணும். இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம்."

அவள் என்னைப் பார்க்காமல் டாக்டரையே பார்த்து, "மருந்து தடவினா வலி இல்லாம இருக்கே டாக்டர்" என்றாள்.

"வலிதாம்மா வந்து சொல்லும். நாம அதை மரத்துப்போக வெச்சுட்டோம்" என்றார் அவர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 3, புதன்

புற்று. ஈரலுக்கும் போயிருக்கிறதாம்.

ஏப்ரல் 4, வியாழன்

இன்று எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒன்றை எழுதிவைக்க வேண்டும். போன வருஷமே வந்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்தார், முடிக்கவில்லை. போன வருஷம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? அவள் எழுந்து எழுந்து கழிப்பறைக்குப் போவாள், "உள்ளேயே குடியிருக்கப்போறியா?" என்று கிண்டலடித்துக்கொண்டிருந்தேன். அவளும் சிரிப்பாள். கதவுக்குப் பின்னால் அவள் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருந்தாளோ என்னவோ. எனக்கு வலி வந்தபோது தெருவுக்கே கேட்டது. அவளுக்கு வந்தபோது பக்கத்தறையில் இருந்த எனக்குக் கேட்கவில்லை.

மகளுக்குப் போன் செய்தேன். முதுகு என்று சொல்லவில்லை.

மே 14, செவ்வாய்

ஊசி மருந்து ஏற்றிவிட்டு வந்தால் அவள் எழுந்திருக்க நாலைந்து நாள் ஆகிறது. நான் காலை ஷிப்ட் மட்டும் போகிறேன். மற்ற நேரம் மகள் பார்த்துக்கொள்கிறாள், விடுப்புப் போட்டு வந்திருக்கிறாள்.

முடி கொட்டுகிறது. தலையணை உறையை மாற்றிக்கொண்டே இருக்கிறேன். "இனிமே தலைவலிக்குத் துணி கட்டினா நல்லா நிக்கும்" என்கிறாள். இந்த வீட்டில் ஜோக்கடிப்பது நான்தான். அந்த வேலையையும் அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

ஜூன் 27, வியாழன்

நீலப் பேசின் இப்போது அவளுக்கு. தண்ணீர்ச் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் கூடிப்போயிற்று, அவள் உதட்டைக் கடித்தாள், சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். இப்போதெல்லாம் நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கையுறையை மாட்டிக்கொண்டு, "திரும்பிப் படு. இந்த வீட்டுல நான் பார்க்காத அழகா?" என்றேன். சுவரைப் பார்த்துச் சிரித்தாள். தோள் குலுங்கியது. ரொம்ப நேரம் குலுங்கவும்தான் சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. அவள் தடவியது மாதிரி எனக்குத் தடவத் தெரியவில்லை. மெதுவாகத்தான் தடவினேன். அப்படியும் கால்விரல்கள் மடங்கின.

"வலிக்குதா?"

"இல்ல."

பொய். இவ்வளவுக்குப் பிறகும் பொய்.

ஜூலை 12, வெள்ளி

வேலைக்கு அவள் தைத்த மெத்தையை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். எனக்கு ஆறிவிட்டது, தேவையே இல்லை. சும்மா. "ஊதா எடுத்துட்டுப் போங்க. பழசு எனக்கு இருக்கட்டும்" என்றாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மருந்து ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். இனி வலிக்கு மட்டும்.

மத்தியானம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை நூல் கோத்தாலும் உருவிக்கொண்டு வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள், "முடிச்சுப் போடாம தைச்சா எப்படி நிக்கும்" என்றாள். அப்புறம் சொன்னாள், அதே குரலில், பொத்தானைப் பற்றிச் சொல்வது மாதிரியே:

"வலிக்குதுங்க."

சட்டையைப் போட்டுவிட்டு எழுந்தேன். மகளைக் கூப்பிட்டேன், டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன், மருந்தை எடுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப வலிக்குது. ரொம்ப நாளா வலிக்குது" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்காத வார்த்தை. கேட்டுவிட்டேன். எதற்கும் ஆகாத நேரத்தில்.

ஆகஸ்ட் 10, சனி

டாக்டரம்மா மருந்தைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார். தூங்குகிறாள். இப்போது மரத்துப்போகட்டும். இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் மரத்துப்போகட்டும்.

செப்டம்பர் 2, திங்கள்

நேற்றுக் காலை போய்விட்டாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். நான் சமையலறையில் தண்ணீர் சுட வைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

மகள் அலமாரியை ஒழித்தாள். மருந்துகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கட்டினாள். "அப்பா, இது?" என்று வெள்ளை டியூபைக் காட்டினாள். நடுவில் அமுங்கியிருந்தது. கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். நேராக்கவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

மகள் போன வாரம் வேலைக்குத் திரும்பிவிட்டாள். நானும் முழு ஷிப்ட் பார்க்கிறேன்.

இன்று ஊதா மெத்தையைத் துவைத்துப் போட்டிருந்ததால் அவளுடைய பழைய மெத்தையைப் பூப்போட்ட உறையில்லாமல் அப்படியே எடுத்துப்போய் சீட்டில் போட்டேன். புதிதாக வந்த ஒரு மெக்கானிக் ஏறிப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, நடுவுல ஓட்டை? எலி கடிச்சிடுச்சா?" என்று கேட்டான். வண்டியில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். "மூலம் ஆபரேஷன் பண்ணவங்க உக்கார்ற மெத்தைப்பா. என் சம்சாரம் தைச்சது" என்றேன். நன்றாகக் கேட்கும்படியாகவே சொன்னேன். நாலு பேர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். கண்டக்டர் மட்டும் என்னைப் பார்த்துத் தலையாட்டினான்.

கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கினார்கள். ஒரு அம்மா மட்டும் இறங்கவில்லை. தினம் வருகிறவர், ஏதோ ஆபீசில் வேலை, தோளில் எப்போதும் ஒரு பழுப்புப் பை. சீட்டு காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவார். கண்ணாடியில் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன், அவர் பழக்கம் என்று நினைத்திருக்கிறேன்.

மற்றவர்கள் போகும்வரை காத்திருந்துவிட்டு என் சீட்டுக்குப் பின்னால் வந்தார்.

"டிரைவர் சார், அந்த மெத்தை மாதிரி எங்க கிடைக்கும்?"

"கடையில ரப்பர்ல இருக்கும்மா. தைச்சும் வாங்கலாம். யாருக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்குத்தான். ரொம்ப நாளா கஷ்டப்படறாரு. மருந்து வாங்கிக் கொடுத்துட்டேதான் இருக்கேன்."

திரும்பும் ட்ரிப்புக்கு நேரமாகிவிட்டது. கண்டக்டர் பின்னாலிருந்து விசில் கொடுத்தான். என் கை கியர்மேல் இருந்தது.

நான் திரும்பி அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"அவருக்காம்மா? இல்ல உங்களுக்கா?"

அவர் பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியைப் பார்த்தார். இறங்கவும் இல்லை. கண்டக்டர் இன்னொரு விசில் கொடுத்தான்.

நான் என்ஜினை அணைத்தேன்.